"கிரீன் கார்டு போட்டாச்சு" என்றால் வேலைக்குப் போகலாமா?

அமெரிக்காவில் நம்மவர்கள் கூடும் எந்த இடத்திலும், கோவில் சாப்பாட்டுக் கூடமோ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலோ, இந்தக் கேள்வி ஒரு முறையாவது காதில் விழும். "எங்க வீட்டுக்காரருக்கு கிரீன் கார்டு போட்டாச்சு. நான் இனிமே வேலைக்குப் போகலாமா?" பதில் சொல்கிறவர்கள் தயங்குவதே இல்லை. "தாராளமா போகலாம், என் தங்கச்சி போறாளே" என்பார் ஒருவர். "ஐயோ, கார்டு கைக்கு வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் வீட்டுக்கு உண்மையாக இருக்கும். கேட்டவர் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதுதான் தெரியாது.

குழப்பம் முழுக்க 'போட்டாச்சு' என்ற சொல்லில் இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு விண்ணப்பங்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் எது போட்டிருக்கிறது, அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தால்தான் வேலை அனுமதி கிடைக்குமா என்று சொல்ல முடியும். திருமணம் ஆகிவிட்டது, கணவர் வரிசையில் நிற்கிறார் என்பதற்காக யாருக்கும் அனுமதி வருவதில்லை. (எழுதும் வசதிக்காக 'கணவர்' என்கிறேன். மனைவி எச்-1பி என்ற வேலை விசாவில் வேலை பார்க்க, கணவர் அவருடைய துணைக்கான எச்-4 விசாவில் வீட்டில் இருக்கும் குடும்பங்களும் இப்போது நிறைய. விதி இருவருக்கும் ஒன்றுதான்.)

போட்டது எது?

நிறுவனம் வழியாக கிரீன் கார்டுக்குப் போகும் பெரும்பாலானவர்களுக்கு மூன்று படிகள். முதல் படி பெர்ம். "இந்த வேலைக்கு இங்கேயே தகுதியான ஆளைத் தேடினோம், கிடைக்கவில்லை" என்று காட்டி, தொழிலாளர் துறையிடம் நிறுவனம் வாங்கும் சான்று அது. இரண்டாவது ஐ-140. "இவரை நிரந்தரமாக வேலைக்கு வைத்துக்கொள்ள விரும்புகிறோம்" என்று குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ்.-இடம் நிறுவனம் கொடுக்கும் மனு. மூன்றாவதுதான் ஐ-485. நான் இங்கே இருந்தபடியே நிரந்தரக் குடியிருப்பாளர் ஆகிறேன் என்று குடும்பத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கொடுக்கும் விண்ணப்பம்.

முதல் இரண்டும் நிறுவனத்துடையவை. ஐ-140-ல் மனைவி, பிள்ளைகள் விவரம் கேட்டிருப்பார்கள். அதனால் நீங்கள் விண்ணப்பதாரர் ஆகிவிடுவதில்லை. உங்கள் பெயரில் உங்கள் கையெழுத்தோடு போகும் முதல் கிரீன் கார்டு விண்ணப்பம் ஐ-485-தான்.

இப்போது கேள்விக்கு வருவோம். பெர்ம் மட்டும் போட்டிருந்தால், பொதுவாக வேலைக்குப் போக முடியாது. ஐ-140 அங்கீகாரம் ஆகிவிட்டது, நீங்கள் எச்-4-ல் இருக்கிறீர்கள் என்றால் வேலை அனுமதி கேட்கலாம். ஐ-485 போட்டு அது நிலுவையில் இருக்கிறது என்றால், எச்-4 இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்கலாம். கேட்கும் படிவம் எல்லோருக்கும் ஒன்றேதான்: ஐ-765. வரும் அட்டையின் பெயரும் ஒன்றுதான்: இ.ஏ.டி. ஆனால் அட்டையில் அச்சாகும் வகைக் குறியீடு வேறு. எச்-4 வழியில் வந்தால் சி26. ஐ-485 வழியில் வந்தால் சி9. பக்கத்து வீட்டில் கேட்கும்போது "உங்களுக்கு இ.ஏ.டி. வந்துடுச்சா?" என்று கேட்பதைவிட "உங்களுது சி26-ஆ, சி9-ஆ?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

சி26: கணவரின் விசாவைப் பிடித்து நிற்கும் அட்டை

2015 மே 26 வரைக்கும் எச்-4-ல் வந்தவர்களுக்கு வேலை செய்ய வழியே கிடையாது. பொறியியல் படித்து, சென்னையிலோ கோவையிலோ ஐந்தாறு வருடம் வேலை பார்த்த பெண்கள் இங்கே வந்து வருடக்கணக்கில் வீட்டில் இருந்தார்கள். அந்தத் தேதியில் நடைமுறைக்கு வந்த விதிதான் கதவைத் திறந்தது. அதுவும் எல்லோருக்கும் இல்லை. எச்-1பி-யில் இருக்கும் கணவருக்கு ஐ-140 அங்கீகாரம் ஆகியிருக்க வேண்டும்; அல்லது கிரீன் கார்டு வேலை நடந்துகொண்டிருப்பதால், ஆறு வருட வரம்பைத் தாண்டி அவருக்கு எச்-1பி நீட்டிப்பு கிடைத்திருக்க வேண்டும். பெர்ம் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகி அப்படி நீட்டிப்பு வாங்கியவர்களும் இதில் வருவார்கள். மேலே 'பொதுவாக' என்று எழுதியது அதனால்தான்.

இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை கொண்டுவந்த விதி. அதனால் வந்த நாளிலிருந்தே இதன் தலைக்கு மேல் ஒரு கத்தி தொங்கியது. 2015-லேயே நீதிமன்றத்தில் வழக்கு. நடுவே விதியையே திரும்பப் பெறும் முயற்சி ஒன்று ஆரம்பித்து, 2021 ஜனவரியில் கைவிடப்பட்டது. வழக்கு மாவட்ட நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் தோற்று, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்க மறுத்துவிட்டது. வழக்கு முடிந்தது என்று மூச்சு விடலாம். விதியை ஒரு அரசு கொண்டுவர முடியும் என்றால் இன்னொரு அரசு எடுக்கவும் முடியும் என்பது மட்டும் மனதில் இருக்கட்டும்.

சி26-க்கு வேண்டிய காகிதங்கள் குறைவு: உங்கள் எச்-4 நிலையைக் காட்டும் ஐ-94 என்ற வருகைப் பதிவு, திருமணச் சான்று, கணவரின் எச்-1பி அங்கீகாரக் கடிதம், ஐ-140 அங்கீகாரக் கடிதத்தின் நகல். கடைசியாகச் சொன்னதை வாங்குவதில் சிலருக்கு இழுபறி ஏற்படும். ஐ-140 நிறுவனத்தின் காகிதம் என்பதால் சில நிறுவனங்கள் கொடுக்கத் தயங்கும். நகல் கிடைக்கவில்லை என்றால் ஐ-140-ன் ரசீது எண்ணையாவது வாங்கிவையுங்கள். மனு அங்கீகாரம் ஆனது என்பதை அதை வைத்துத் துறையே சரிபார்க்க முடியும்.

அட்டை எவ்வளவு நாளைக்கு? உங்கள் எச்-4 எந்தத் தேதியில் முடிகிறதோ அதுவரை. எச்-4 எதுவரை? கணவரின் எச்-1பி வரை. இந்தச் சங்கிலியைக் கவனித்தீர்களா? கணவருக்கு வேலை போனால் அவருக்கு 60 நாள் வரை அவகாசம். அதற்குள் புது நிறுவனமோ வேறு வழியோ அமையவில்லை என்றால் அவருடைய நிலையோடு உங்கள் எச்-4-ம் முடிகிறது. அட்டையில் இன்னும் இரண்டு வருடம் அச்சாகியிருந்தாலும் அடித்தளம் போய்விட்டது. அவருக்கு ஆள்குறைப்பு என்றால் இரண்டு சம்பளமும் ஒரே நேரத்தில் ஆட்டம் காணும். வீட்டுக் கடன் வாங்குவதற்கு முன் பலரும் இதை யோசிப்பதில்லை.

நிறுவனமே தன் வெளிநாட்டுக் கிளையிலிருந்து மாற்றி அனுப்பும் எல்-1 விசாவில் வந்த கணவரோடு, துணைக்கான எல்-2-ல் இருப்பவர்கள் இந்தப் பகுதியை மறந்துவிடலாம். 2021 நவம்பரிலிருந்து எல்-2 வாழ்க்கைத்துணைக்கு அந்த நிலையே வேலை அனுமதி. ஐ-94-ல் எல்-2எஸ் என்று இருந்தால் போதும், தனியாக இ.ஏ.டி. தேவையில்லை.

சி9: உங்கள் விண்ணப்பத்தைப் பிடித்து நிற்கும் அட்டை

ஐ-485 போட்டுவிட்டால் கதை மாறுகிறது. இப்போது உங்கள் பெயரில் ஒரு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. அந்த நிலுவைதான் சி9-க்கு ஆதாரம். கணவரின் எச்-1பி முடிந்தாலும், அவர் வேறு வேலைக்கு மாறினாலும், ஐ-485 உயிரோடு இருக்கும்வரை உங்கள் அட்டையும் செல்லும். ஐ-485 நிராகரிக்கப்பட்டால் அதுவும் போகும். கணவர் வழியாக வந்த விண்ணப்பம் என்பதால், கிரீன் கார்டு வருவதற்குள் மணமுறிவு ஏற்பட்டால் உங்கள் ஐ-485-க்கு அடிப்படை இல்லாமல் போய்விடும். இதைச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. தெரியாமல் மாட்டிக்கொள்பவர்களுக்குத்தான் வலி.

சரி, ஐ-485 எப்போது போடலாம்? இங்கேதான் நம் ஊரில் பிறந்தவர்களுக்குக் கஷ்டம். வேலை வழி கிரீன் கார்டு உலகம் முழுவதற்குமாக வருடத்துக்குச் சுமார் 1,40,000. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவிலிருந்து வரும் கூட்டத்துக்கு அது யானைப்பசிக்குச் சோளப்பொரி. அதனால் வரிசை. பெர்ம் போட்ட தேதிதான் பெரும்பாலும் உங்கள் வரிசை எண். அதை முன்னுரிமைத் தேதி என்பார்கள், பேச்சு வழக்கில் பி.டி. வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் எந்தத் தேதி வரை அழைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 2025 முடியும் தறுவாயில், வேலை வழியின் பிரிவுகளான இ.பி.-2, இ.பி.-3-ல் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இறுதித் தேதி 2013-ல் நின்றது. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கூப்பன்!

புல்லட்டினில் இரண்டு அட்டவணைகள் இருக்கும். ஒன்று கிரீன் கார்டு கொடுக்கப்படும் இறுதித் தேதிகளுக்கு. இன்னொன்று விண்ணப்பிக்கலாம் என்ற தேதிகளுக்கு. இது கொஞ்சம் முன்னால் ஓடும். எந்த மாதம் எந்த அட்டவணையைப் பார்த்து ஐ-485 போடலாம் என்பதைக் குடியேற்றத் துறை தன் தளத்தில் தனியாக அறிவிக்கும். புல்லட்டினை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். இரண்டாவது அட்டவணையின் அருமை என்னவென்றால், கிரீன் கார்டு இன்னும் வருடக்கணக்கில் தள்ளியிருக்கும்போதே ஐ-485 உள்ளே போய்விடும், கூடவே சி9 வந்துவிடும். 2020 அக்டோபரில் இந்திய இ.பி.-3-க்கு அந்த அட்டவணை ஒரே தாவலில் 2015 ஜனவரி 1-க்குப் போனது. அந்த மாதம் ராத்திரி பகலாகக் காகிதம் சேர்த்து அனுப்பிய குடும்பங்களில், 2014-ல் பி.டி. இருந்த பலர் ஐந்து வருடம் கழித்தும் அதே வரிசையில்தான் இருந்தார்கள். ஆனால் அந்த வீட்டு மனைவிமார்கள் சி9 வைத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். "கரண்ட் ஆயிடுச்சு", அதாவது நம் தேதி வந்துவிட்டது என்று கேட்டதும் இனிப்பு வழங்கும்முன் எந்த அட்டவணையில் கரண்ட் என்று கேட்பது நல்லது.

ஒரு இடைச்செருகல். வரிசை என்பது குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறது. கணவர் மதுரையில் பிறந்து, நீங்கள் யாழ்ப்பாணத்திலோ பினாங்கிலோ சிங்கப்பூரிலோ பிறந்திருந்தால், அவர் உங்கள் பிறந்த நாட்டின் கணக்கில் வரிசையில் நிற்கலாம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் 'மற்ற நாடுகள்' பத்தியில் வருபவை. இந்திய வரிசையோடு ஒப்பிட்டால் அது சிட்டாகப் பறக்கும். பர்மாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ திரும்பி வந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! மனைவியின் பிறப்புச் சான்றை ஒருமுறை எடுத்துப் பார்க்காமலே பத்து வருடம் காத்திருப்பவர்கள் இருக்கக்கூடும்.

குடும்ப வழி

கணவர் அமெரிக்கக் குடிமகன், நீங்கள் முறையாக நுழைந்து இங்கே இருக்கிறீர்கள் என்றால், அவர் போடும் ஐ-130 மனுவையும் உங்கள் ஐ-485-ஐயும் ஐ-765-ஐயும் ஒரே கட்டாக அனுப்பலாம். வரிசை கிடையாது. வேலை அனுமதி அதே சி9. கணவர் குடிமகன் அல்ல, கிரீன் கார்டுக்காரர் என்றால் எஃப்2ஏ என்ற வரிசை உண்டு; தேதி வந்த பிறகே ஐ-485. ஐ-130 மட்டும் போட்டிருப்பது, எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், வேலை அனுமதிக்கு ஆதாரம் ஆகாது. 'போட்டாச்சு' இங்கேயும் ஏமாற்றும்.

நீங்கள் இன்னும் திருச்சியிலோ கொழும்பிலோ இருந்தபடி காத்திருக்கிறீர்கள் என்றால் இ.ஏ.டி. பற்றிக் கவலையே வேண்டாம். துணைத் தூதரகத்தில் நேர்காணல் முடித்து, குடியேறுவதற்கான விசாவோடு வந்து இறங்கும் நாளிலேயே நீங்கள் நிரந்தரக் குடியிருப்பாளர். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவின் மேல் விமான நிலையத்தில் அடிக்கும் முத்திரையே, அட்டை தபாலில் வரும்வரை வேலைக்குச் சான்று.

காகிதங்களும் நம் பெயர்களும்

ஐ-765 படிவம் அப்படியொன்றும் பயங்கரமானது அல்ல. பெயர், முகவரி, ஐ-94 எண், கடைசியாக நுழைந்த தேதி, வகைக் குறியீடு. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்கள் அதையும் இந்தப் படிவத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். அந்தக் கட்டத்தை நிரப்ப மறந்து, பிறகு அலுவலக வாசலில் போய் நிற்பவர்கள் உண்டு. படிவத்தின் கீழே பதிப்புத் தேதி இருக்கும். போன வருடம் தோழி கொடுத்த பி.டி.எஃப்.-ஐ நிரப்பி அனுப்பினால், பழைய பதிப்பு என்று கட்டு அப்படியே திரும்பி வரக்கூடும். அனுப்பும் நாளன்று துறையின் தளத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கு உண்மையான தலைவலி பெயர்தான். இந்த நாட்டுக் கணினிக்கு முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டிகள். நமக்கோ ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்ப் பெட்டி காலியாக இருந்தால், விசாவில் உங்கள் ஒரே பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சாகிவிடும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. அதே எஃப்.என்.யு. இ.ஏ.டி.-யில் ஏறி, அங்கிருந்து சமூகப் பாதுகாப்பு அட்டை, வங்கி, ஓட்டுநர் உரிமம் என்று கூடவே வரும். அலுவலகத்தில் "ஹலோ எஃப்.என்.யு." என்று மின்னஞ்சல் வந்தால் சிரிக்கலாம். பின்னணிச் சோதனையில் பட்டச் சான்று ஒரு பெயரிலும் அட்டை ஒரு பெயரிலும் நின்றால் சிரிப்பு வராது. ஐ-485 போடுவதற்கு நேரம் இருக்கிறது என்றால், இந்தியத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைப் பெயர் பிரித்து மறுவெளியீடு செய்துவிட்டு, பிறகு எல்லாப் படிவத்திலும் அதே எழுத்துக்கூட்டலை எழுதுங்கள். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயர், பின் கணவர் பெயர் என்று மாறியிருந்தால், 'பயன்படுத்திய பிற பெயர்கள்' என்ற இடத்தில் பழையதை மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அடுத்தது பிறப்புச் சான்று. சி26-க்கு இது பொதுவாகத் தேவைப்படாது, ஐ-485-க்குக் கட்டாயம். எண்பதுகளில் பிறந்தவர்களின் சான்றில் பெற்றோர் பெயர், ஆண் அல்லது பெண், தேதி எல்லாம் இருக்கும். குழந்தையின் பெயர் இருக்காது. பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிட்டார்கள். ஊரில் யாராவது நகராட்சிக்கோ மாநகராட்சிக்கோ போய்ப் பெயர் சேர்த்து வாங்க வேண்டும். பதிவே இல்லையென்றால் 'பதிவு இல்லை' என்று அலுவலகம் தரும் சான்றும், உங்கள் பிறப்பை அறிந்த மூத்தவர்கள் இருவரின் உறுதிமொழிப் பத்திரங்களும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். தேதி கரண்ட் ஆன மாதத்தில் ஓடினால் கிடைக்காது. திருமணச் சான்றும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2009-ல் சட்டம் கொண்டுவந்துதான் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கினார்கள். அதற்கு முன் கல்யாணம் ஆனவர்கள் பலரிடம் ஆல்பமும் பத்திரிகையும்தான் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகச் சான்று இருக்காது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முடிக்க வேண்டிய வேலைகளில் இதை முதலில் வையுங்கள். சான்று தமிழில் இருந்தால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், "எனக்கு இரு மொழியும் தெரியும், சரியாகப் பெயர்த்திருக்கிறேன்" என்று பெயர்த்தவரின் கையெழுத்தும் வேண்டும்.

ஐ-485-உடன் மருத்துவப் பரிசோதனைப் படிவம் ஐ-693-ஐயும் சேர்த்தே அனுப்ப வேண்டும். 2024 டிசம்பர் 2 முதல் "பிறகு தருகிறேன்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

கட்டணம்: 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள பட்டியலின்படி ஐ-765 தாளில் அனுப்பினால் 520 டாலர், இணையம் வழியாக என்றால் 470. அந்தத் தேதிக்குப் பின் ஐ-485 போட்டு, அதன் பேரில் சி9 கேட்பவர்களுக்கு 260. ஐ-485-க்குப் பெரியவர் ஒருவருக்கு 1,440. பழக்கதோஷத்தில் காசோலை எழுதிவிடாதீர்கள். 2025 அக்டோபர் 28-க்குப் பிறகு அதை ஏற்பதில்லை. கடன் அட்டை விவரத்துக்கு ஜி-1450, வங்கிக் கணக்கிலிருந்து எடுக்க ஜி-1650 என்று தனிப் படிவங்கள் இருக்கின்றன. தொகைகள் மாறுபவை என்பதால் அனுப்பும் அன்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரசீது அனுமதி அல்ல

கட்டு போய்ச் சேர்ந்ததும் ரசீதுக் கடிதம் வரும். அதில் பதின்மூன்று எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு எண். துறையின் முத்திரையோடு வருவதால் பார்க்க அதிகாரபூர்வமாக இருக்கும். முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு அதன் பொருள் "உங்கள் காகிதம் கிடைத்தது" என்பது மட்டுமே. அதைக் காட்டி வேலையில் சேர முடியாது, அட்டை வர வேண்டும். அதற்கு வாரங்களும் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம். எச்-1பி-க்கு இருப்பது போலக் கூடுதல் பணம் கட்டி விரைவுபடுத்தும் பிரீமியம் வசதி சி26-க்கும் கிடையாது, சி9-க்கும் கிடையாது.

அப்படியானால் காத்திருக்கும் காலத்தில் என்னதான் செய்யலாம்? இங்கேதான் நம் வீடுகளில் ஒரு பெரிய கண்மூடித்தனம் இருக்கிறது. "வேலைக்கெல்லாம் போகலைங்க, சும்மா வீட்டுல இருந்து இட்லி மாவு அரைச்சுக் கொடுக்கிறேன்." "நாலு பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லித்தர்றேன், மாசம் ஆளுக்கு அறுபது டாலர்." "சென்னைக் கம்பெனிக்குத்தான் லேப்டாப்ல வேலை, சம்பளம் அங்கேயே அக்கவுண்ட்ல விழுது." முதல் இரண்டும் சந்தேகமே இல்லாமல் வேலைதான். பணம் ரொக்கமாக வாங்கினாலும், ஜெல் (Zelle) செயலி வழியாக வாங்கினாலும், பக்கத்துவீட்டுக்காரருக்கு மட்டும் கொடுத்தாலும். மூன்றாவதில், சம்பளம் எங்கே விழுகிறது என்பதைவிட நீங்கள் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்பதே பெரிதாகப் பார்க்கப்படும். அதனால்தான் கவனமான வக்கீல்கள் அதற்கும் வேண்டாம் என்கிறார்கள். ஐ-485-ல் அனுமதியில்லாமல் எப்போதாவது வேலை செய்தீர்களா என்று நேராகவே கேட்பார்கள். வேலை வழி விண்ணப்பங்களில், கடைசியாக முறைப்படி நுழைந்ததற்குப் பின் மொத்தம் 180 நாளுக்குள் நடந்த மீறல்களைப் பொறுத்துக்கொள்ளும் சட்டப்பிரிவு ஒன்று இருக்கிறது. அதை நம்பி மாவு அரைக்க வேண்டாம். பணம் வாங்காமல் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துவது, கோவிலில் பரிமாறுவது, படிப்பது, சான்றிதழ் தேர்வுகள் எழுதுவது, நேர்காணலுக்குப் போவது எல்லாம் தாராளமாகச் செய்யலாம். வேலை தேடுவதற்கு அனுமதி தேவையில்லை, செய்வதற்குத்தான் தேவை.

ஊருக்குப் போக நேர்ந்தால் இன்னொரு படிவம் குறுக்கே வரும். இ.ஏ.டி. பயண ஆவணம் அல்ல. ஐ-485 நிலுவையில் இருக்கும்போது, போய்த் திரும்ப முன்கூட்டியே வாங்கும் அனுமதியான அட்வான்ஸ் பரோல் இல்லாமல் நாட்டைவிட்டுக் கிளம்பினால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். செல்லுபடியாகும் எச்-4 அல்லது எல்-2 விசாவோடு அதே நிலையில் திரும்புகிறவர்களுக்கு விலக்கு உண்டு. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வரும் ராத்திரியில் இதையெல்லாம் யோசிக்க முடியாது. எனவே ஐ-765 போடும்போதே அட்வான்ஸ் பரோல் கேட்கும் ஐ-131-ஐயும் சேர்த்துப் போடுகிறவர்கள் புத்திசாலிகள். அதற்கு 630 டாலர் தனி. சி9 வந்த பிறகும் எச்-4-ஐ விடாமல் நீட்டித்துக்கொள்ளும்படி பல வக்கீல்கள் சொல்வதும் இதுபோன்ற காரணங்களுக்காகத்தான்.

புதுப்பிக்கும் தேதி

2023-ல் சி9 அட்டையை ஐந்து வருடத்துக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தச் சுகம் நீடிக்கவில்லை. 2025 டிசம்பர் 5 முதல், அன்று நிலுவையில் இருந்தவற்றுக்கும் சேர்த்து, அதிகபட்சம் 18 மாதம்தான். அதைவிடப் பெரிய மாற்றம் அதற்குச் சற்று முன்னால் வந்தது. முன்பெல்லாம் அட்டை முடிவதற்குள் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டால், பலருக்குப் பழைய அட்டை தானாகவே 540 நாள் வரை நீளும். 2025 அக்டோபர் 30 அன்றோ அதற்குப் பிறகோ புதுப்பிக்கப் போட்டவர்களுக்கு அந்தத் தானியங்கி நீட்டிப்பு கிடையாது. பழைய அட்டை முடிந்த மறுநாள் புதியது கையில் இல்லையென்றால், மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்களை வேலை செய்ய விடக்கூடாது. பழைய விதியை நினைவில் வைத்து "அப்ளை பண்ணிட்டா போதும்" என்று சொல்லும் தோழிகள் இன்னும் இருக்கிறார்கள். அட்டை முடிய 180 நாள் இருக்கும்போதே புதுப்பிக்கப் போடலாம். நூற்று எண்பதாவது நாளே போடுங்கள்.

சி26-க்காரர்களுக்கு இதில் கூடுதல் இடைஞ்சல். எச்-4 நீட்டிப்பு முடிவாகாமல் அட்டை வராது. எச்-4 நீட்டிப்போ கணவரின் எச்-1பி நீட்டிப்போடு கட்டியது. இதைத் தாண்ட, ஊருக்குப் போய் எச்-4 விசா முத்திரை வாங்கி, புது ஐ-94-ஓடு திரும்பி, உடனே ஐ-765 போடும் வழக்கம் ஒன்று உண்டு. நல்ல வழிதான். ஆனால் 2025 டிசம்பரில் இந்தியாவில் எச்-1பி, எச்-4 நேர்காணல்கள் ஏராளமாக மாதக்கணக்கில் தள்ளிப்போய், மூன்று வார விடுப்பில் போனவர்கள் அங்கேயே தங்க நேர்ந்தது. பயணச்சீட்டு எடுக்கும்முன் அன்றைய நிலவரத்தைப் பாருங்கள்.

அட்டை வந்ததும் பெயர், பிறந்த தேதி, குறியீடு மூன்றையும் சரிபாருங்கள். வேலையில் சேரும் நாளில் ஐ-9 என்ற படிவத்துக்கு அந்த ஒரு அட்டையே அடையாளத்துக்கும் அனுமதிக்கும் சான்றாகப் போதும். எந்த நிறுவனத்திலும், எத்தனை மணி நேரமும், சொந்தத் தொழிலாகவும் செய்யலாம். இட்லி மாவும் அப்போது அரைக்கலாம், உள்ளூர் உணவு உரிமம் வாங்கிக்கொண்டு.

காத்திருக்கும் மாதங்களில் வீடு மாறினால் பத்து நாளுக்குள் முகவரியைத் துறையின் கணக்கில் மாற்றிவிடுங்கள். தபால் நிலையத்தில் மட்டும் மாற்றினால் போதாது, குடியேற்றத் துறையின் அட்டைகளைப் பொதுவாக அவர்கள் புது முகவரிக்குத் திருப்பி அனுப்புவதில்லை. அப்புறம், அபார்ட்மெண்ட் தபால் பெட்டியின் உள்பக்கம் கணவர் பெயர் மட்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பெயர் அவர் பெயரோடு ஒட்டாத தமிழ்ப் பெயர் என்றால், இந்த ஆள் இங்கே இல்லை என்று தபால்காரர் திருப்பிவிடக்கூடும். ஒரு துண்டுச் சீட்டில், படிவத்தில் இருக்கும் அதே எழுத்துக்கூட்டலில் எழுதி, இன்றைக்கே ஒட்டிவிடுங்கள். எஃப்.என்.யு. இருந்தால் அதையும் சேர்த்து.